கிறவல் வீதிக் காருக்குப் பிறேக் பாட், டிஸ்க்

வன்னியின் கிறவல் புழுதி, பிறேக் பாட்டுக்கும் (அழுத்திப் பிடிக்கிற கட்டை) டிஸ்க்குக்கும் (சில்லோடு சுற்றும் தட்டு) நடுவே அரம்போல வேலை செய்யும். பாட்டின் தேயும் பகுதி 3 மி.மீ.க்கு வந்தால் மாத்துங்கோ. ஒரு பக்கம் மட்டும் மாத்தினால் கார் இழுக்கும். முன் சில்லு இரண்டுக்கும் சேர்த்தே போடவேணும். டிஸ்க்கின் குறைந்தபட்சத் தடிப்பு அதிலேயே பொறித்திருக்கும். அதற்குக் கீழே போனதையும் லேத்தில் கடைந்து பாவிக்கலாம் என்பினம், கேட்காதேங்கோ.

புது டிஸ்க் போட்டும் மிதி துடிக்குதா? பெரும்பாலும் ஹப்பில் (டிஸ்க்கும் சில்லும் பூட்டுகிற நடுப்பகுதி) இருக்கிற கறள்தான். கம்பித் தூரிகையால் வெளுக்கத் தேய்த்துவிட்டுப் பூட்டுங்கோ. கலிப்பரை (பாட்டை அழுத்துகிற பகுதி) பிறேக் குழாயில் தொங்கவிடாமல் கம்பியால் கட்டுங்கோ. கலிப்பரின் பிஸ்டனை உள்ளே தள்ளமுன் பிறேக் எண்ணெய்த் தாங்கியைப் பாருங்கோ, தள்ளும்போது எண்ணெய் மேலே ஏறும், வழிந்தால் பெயின்ற் போய்விடும்.

ஓடமுன் மிதி இறுகும்வரை மிதியுங்கோ. பிறகு, புதுப் பாட் டிஸ்க்கோடு படிய, வீதி வெறிச்சோடின நேரம், 50 கி.மீ. வேகத்திலிருந்து 10க்குப் பத்துத் தடவை மெல்லக் குறையுங்கோ, முழுதாய் நிற்பாட்டாமல்.