ஆன்லைன் எம்பிஏ: சேர்வதற்கு முன் எதையெல்லாம் சரிபார்த்தேன்

வேலை பார்த்துக்கொண்டே ஆன்லைனில் எம்பிஏ முடித்திருக்கிறேன் என்பதால், "இந்தப் பல்கலைக்கழகம் நல்லதா?" என்று கேட்டு அடிக்கடி செய்தி வருகிறது. நேரடியாகப் பதில் சொல்ல முடியாத கேள்வி அது. பட்டம் செல்லுமா, வணிகப் பள்ளியின் (எம்பிஏ நடத்தும் பிசினஸ் ஸ்கூல்) தரத்தை வெளியார் யாராவது வந்து சோதித்தார்களா, நாம் வேலை தேடப்போகும் இடத்தில் அந்தப் பெயருக்கு மதிப்பு உண்டா என்று மூன்றாகப் பிரித்துத்தான் பார்க்க வேண்டும். அதுவும் இந்த வரிசையில். பலர் மூன்றாவதில் தொடங்கி அங்கேயே நின்றுவிடுகிறார்கள்.

பட்டம் செல்ல வேண்டுமானால், அந்தந்த நாட்டின் சட்டப்படி பட்டம் வழங்கும் அதிகாரம் பல்கலைக்கழகத்துக்கு இருக்க வேண்டும். அமெரிக்காவில் கொஞ்சம் சுற்று அதிகம். அங்கே அங்கீகாரம் தருவது அரசு அல்ல, தனி அமைப்புகள். அந்த அமைப்புகளை மத்தியக் கல்வித் துறை ஏற்றிருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். கல்வித் துறையின் இணையதளத்தில் பெயரைப் போட்டுத் தேடினால் சில நிமிட வேலைதான். வலியுறுத்திச் சொல்லக் காரணம் உண்டு. கராச்சியிலிருந்து இயங்கிய ஆக்ஸாக்ட் நிறுவனம் நூற்றுக்கணக்கான போலிக் கல்வி நிறுவனத் தளங்களை நடத்திவந்ததை 2015இல் நியூயார்க் டைம்ஸ் அம்பலப்படுத்தியது. அந்தப் பல்கலைக்கழகங்களுக்குச் சான்று கொடுத்த 'அங்கீகார அமைப்புகளும்' அவர்களே உருவாக்கியவைதான்! ஆகவே 'சர்வதேச அங்கீகாரம் பெற்றது' என்ற வாசகத்தை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

அடுத்தது வணிகப் பள்ளிகளுக்கே உரிய அங்கீகாரம். உலக அளவில் மூன்று பெயர்கள் எடுபடும்: 1916இல் அமெரிக்காவில் தொடங்கிய ஏஏசிஎஸ்பி, 1967இல் பிரிட்டனில் தொடங்கிய ஆம்பா, 1997இல் ஐரோப்பாவில் வந்த ஈக்விஸ். மூன்றும் வைத்திருக்கும் பள்ளிகள் மிகக் குறைவு. தொலைநிலையில் பாடம் நடத்தும் பிரிட்டனின் ஓப்பன் யுனிவர்சிட்டி அதில் ஒன்று. தொலைநிலையில் படித்தால் தரம் குறையும் என்று சொல்பவர்களுக்கு நான் காட்டும் உதாரணம் இதுதான். ஏஏசிஎஸ்பியும் ஈக்விஸும் பள்ளியை மொத்தமாக மதிப்பிடுகின்றன. ஆம்பா எம்பிஏ போன்ற குறிப்பிட்ட படிப்புகளை மதிப்பிடுகிறது; சேருபவருக்குக் குறைந்தது 3 ஆண்டு வேலை அனுபவம் இருக்க வேண்டும் என்றும் எதிர்பார்க்கிறது. எனவே ஆம்பா முத்திரை இருந்தால், அது நீங்கள் சேரும் ஆன்லைன் படிப்புக்கும் பொருந்துமா என்று கேளுங்கள்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. ஏஏசிஎஸ்பியில் உறுப்பினராக இருப்பது வேறு, அங்கீகாரம் பெறுவது வேறு. அங்கீகாரம் இல்லாத பள்ளியும் உறுப்பினராகச் சேரலாம். விளம்பரத்தில் 'உறுப்பினர்' என்ற சொல் சின்ன எழுத்தில் இருக்கும். பள்ளியின் விளம்பரத்தை விட்டுவிட்டு, அங்கீகார அமைப்பின் பட்டியலிலேயே தேடுங்கள். பட்டியலில் இல்லையென்றால் மட்டமான பள்ளி என்று அர்த்தமில்லை. ஆராய்ச்சியைவிடக் கற்பித்தலுக்கு முக்கியத்துவம் தரும் நல்ல பள்ளிகள் சில ஏசிபிஎஸ்பி போன்ற வேறு அமைப்புகளிடம் போகின்றன. ஆனால் நாளைக்கு முனைவர் பட்டம், ஆசிரியப் பணி என்று யோசனை இருந்தால் முதல் மூன்றை விடாதீர்கள்.

அப்புறம் பெயரும் புகழும். தரவரிசைப் பட்டியலை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. டெம்பிள் பல்கலைக்கழகத்தின் ஃபாக்ஸ் வணிகப் பள்ளி, யுஎஸ் நியூஸ் என்ற அமெரிக்க ஊடக நிறுவனத்தின் ஆன்லைன் எம்பிஏ பட்டியலில் 2015 முதல் 2018 வரை தொடர்ந்து முதலிடம் பிடித்தது. கொடுத்த தரவுகள் பொய் என்பது பிறகு தெரியவந்தது. புதிதாகச் சேர்ந்த 255 பேரும் ஜிமேட் (மேலாண்மைப் படிப்புக்கான நுழைவுத் தேர்வு) மதிப்பெண் கொடுத்ததாகக் கணக்குக் காட்டியிருந்தார்கள். உண்மையில் கொடுத்தவர்கள் 50 பேர். முன்னாள் டீனுக்கு 2022இல் 14 மாதச் சிறைத் தண்டனை கிடைத்தது. அந்தப் பள்ளிக்கு ஏஏசிஎஸ்பி அங்கீகாரமும் இருந்தது என்பதைக் கவனியுங்கள். முத்திரை ஒரு பள்ளியின் பாடத்திட்டம், ஆசிரியர் தகுதி பற்றிச் சொல்லும். பள்ளி வெளியிடும் எல்லா எண்ணுக்கும் உத்தரவாதம் தராது.

பட்டியலுக்குப் பதில் லிங்க்ட்இன்னில் தேடினேன். பல்கலைக்கழகத்தின் மொத்த முன்னாள் மாணவர்களை விட்டுவிட்டு, அதே ஆன்லைன் படிப்பை முடித்தவர்களை மட்டும் பார்த்தேன். படிப்புக்கு முன் என்ன வேலை, பின் என்ன வேலை? சிலருக்குச் செய்தி அனுப்பியபோது 'படிப்பு எப்படி' என்று கேட்கவில்லை. அப்படிக் கேட்டால் 'நன்றாக இருந்தது' என்றுதான் வரும். பேராசிரியரே நேரலையில் வருவாரா, அசைன்மென்ட்டைத் திருத்துவது யார், குழு வேலையில் நேர மண்டல வித்தியாசத்தை எப்படிச் சமாளித்தீர்கள் என்று கேட்டேன். பதில்கள் பள்ளிக்குப் பள்ளி மலைக்கும் மடுவுக்குமாக வேறுபட்டன. ஒரு இடத்தில் வளாக வகுப்பின் பழைய பதிவுகளைத்தான் போடுகிறார்கள் என்று தெரிந்ததும் அதைப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டேன்.

சேர்க்கை ஆலோசகர் என்று போனில் பேசுபவர் பல்கலைக்கழக ஊழியராக இல்லாமலும் இருக்கலாம். பல ஆன்லைன் படிப்புகளுக்கு ஆள் சேர்ப்பதையும் தொழில்நுட்பத்தையும் வெளி நிறுவனங்கள் பார்த்துக்கொண்டு, கல்விக் கட்டணத்தில் பங்கு எடுக்கின்றன. அந்தத் துறையில் பெரிய பெயரான டூயூ 2024இல் திவால் பாதுகாப்பு கோரியது. நீங்கள் யாரிடம் சம்பளம் வாங்குகிறீர்கள் என்று நாகரிகமாகக் கேட்டுவிடுவதில் தப்பில்லை. 'இன்றே கடைசி நாள்' என்ற அவசரம் அந்தப் பக்கத்துக்குத்தான், நமக்கில்லை.

கட்டணம் கட்டுவதற்கு முன் மின்னஞ்சலில் எழுத்துப்பூர்வமாக மூன்று பதில் வாங்கி வையுங்கள். சான்றிதழில் 'ஆன்லைன்' என்று அச்சாகுமா? கிடைக்கப்போவது பட்டமா, நிறைவுச் சான்றிதழா? (பெரிய பெயருள்ள பள்ளிகளின் குறுகிய ஆன்லைன் படிப்புகளில் பல இரண்டாவது வகைதான்.) இடையில் நிறுத்தினால் பணம் எவ்வளவு திரும்பும்? உங்கள் அலுவலகம் கட்டணத்தில் ஒரு பகுதியைத் தருவதாக இருந்தால், அவர்கள் ஏற்கும் அங்கீகாரம் எது என்று மனிதவளப் பிரிவிலும் கேளுங்கள். வேறு நாட்டில் வேலைக்குப் போகும் எண்ணமிருந்தால், ஆன்லைனில் பெற்ற பட்டத்தை அந்த நாட்டின் தகுதி மதிப்பீட்டு அமைப்பு ஏற்குமா என்பதை அவர்களிடமே கேட்டுவிடுங்கள். இந்த விஷயத்தில் பல்கலைக்கழகம் சொல்வது செல்லாது.