பதினோரு பேருக்கு ஒரே மூக்கு

கும்பகோணம் பக்கத்தில் கல்யாண மண்டபம் கட்டிய ஒருவர், தஞ்சை மராட்டிய அரச குடும்பம் முழுவதையும் ஒரே பலகையில் தஞ்சாவூர் ஓவியமாகக் கேட்டார். ஆறடிக்கு நான்கடி. 'குடும்பம்' என்று எளிதாகச் சொல்லிவிட்டார். 1676-இல் ஆட்சியைத் தொடங்கிய ஏகோஜி முதல் 1855-இல் மறைந்த கடைசி மன்னர் சிவாஜி வரை எண்ணினால் பதினோரு பேர். இடையில் கொஞ்ச காலம் ஆண்ட காட்டுராஜாவைச் சேர்க்கவில்லை, அவர் அரச வாரிசே இல்லை என்ற பேச்சு அப்போதே இருந்தது, அதை என் பலகையில் வேறு ஏற்றிக்கொள்வானேன்?

தூரிகையைத் தொடுமுன் பத்து நாள் உட்கார வைக்கவே போய்விட்டது. எங்கள் தொழிலில் முக்கியமானவர் நடுவில், பெரிதாக. மண்டபக்காரர் இரண்டாம் சரபோஜிதான் நடுவில் வேண்டுமென்றார். ஷாஜி, முதலாம் சரபோஜி, துக்கோஜி மூவரும் அண்ணன் தம்பிகள், அடுத்தடுத்து ஆண்டவர்கள். ஒரே திண்டில் அமர்த்திவிட்டேன். சிக்கல் அமர்சிங்கிடம் வந்தது. 1798-இல் பதவி இழந்து திருவிடைமருதூரில் போய் இருந்தவரை, அவர் இடத்துக்கு வந்த இரண்டாம் சரபோஜியின் தோளோடு தோளாக எப்படி உட்கார வைப்பது? இடையில் துளஜாவை வைத்தேன். அமர்சிங்குக்கு அண்ணன், சரபோஜிக்குத் தத்துத் தந்தை. அவர் முன்னால் இருவரும் சும்மா இருப்பார்கள்.

கல் பதித்து, தங்கரேக்குக்கு அடியில் மேடாக எழுப்பும் மக்குப் பசையை வைத்தபோது ஐப்பசி அடைமழை. சாக்கட்டித் தூளும் கோந்தும் கலந்த அது காயவே இல்லை. அவசரப்பட்டுப் பெரிய பல்பு ஒன்றை அருகில் எரியவிட்டேன். விடிந்து பார்த்தால் சிம்மாசனத்து வளைவு முழுக்க வெடிப்பு. சுரண்டி எடுத்து, இந்த முறை மெல்லிய பூச்சாக, ஒன்று காய்ந்தபின் அடுத்தது என்று வைத்தேன். தங்கரேக்கு ஒட்டும்போது கார்த்திகை பிறந்துவிட்டது.

முகங்கள் கடைசியில். தஞ்சை அரண்மனையில் கைகூப்பி நிற்கும் இரண்டாம் சரபோஜியின் பளிங்குச் சிலையை, ஆங்கிலச் சிற்பி ஃபிளாக்ஸ்மன் செதுக்கியது, மூன்று முறை போய்ப் பார்த்து, அந்தக் கூம்புத் தொப்பியையும் மூக்கையும் எடுத்துக்கொண்டேன். குடும்பச் சாயல் வேண்டுமே என்று அதே மூக்கை எல்லோருக்கும் வைத்தேன். எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த சித்தப்பா வந்து பார்த்தார்.

"தத்துப் பிள்ளையின் மூக்கு கொள்ளுப்பாட்டன்களுக்கு எப்படியடா வந்தது? போகட்டும், அவரும் இதே போன்ஸ்லே வம்சம்தான். சுஜான்பாய் மருமகளாக வந்தவள். அவளுக்குமா?"

நான்கு நாள் மூக்கு மாற்றினேன்.

சுஜான்பாய் கணவர் இறந்தபின் 1737-இல் ஆட்சிக்கு வந்தவர். கல்யாண மண்டபம் ஆயிற்றே என்று யோசித்து, கணவர் இரண்டாம் ஏகோஜியின் பக்கத்திலேயே அமர்த்தி, மராட்டியப் பெண்கள் மூக்கில் அணியும் முத்து நத்தும் போட்டுவிட்டேன். மண்டபக்காரரின் தாயார் படத்தைப் பார்த்ததும் நேராக அங்கேதான் விரலை வைத்தார்.

"நத்து இன்னும் கொஞ்சம் பெரிதாக இருக்கலாம், தம்பி."

இன்னும் இரண்டு முத்து ஒட்டிக் கொடுத்தேன்.