விண்ட்சாக்

ஜூன் 2
விமானம் ஓட்டக் கத்துக்கற கிளாஸ், பெரிய ஏர்போர்ட்ல. என்ஜின் மீட்டர்ல 1.2 மணி நேரம், லேண்டிங் நாலே நாலு. மீதி நேரம் பூரா வீணாவே போச்சு. பார்க்கிங்ல இருந்து ரன்வே முனைக்கு டாக்ஸி பண்ணவே கால் மணி நேரம், அங்க போனா முன்னாடி ஒரு பெரிய ஜெட், அது கிளப்பிவிட்ட காத்துச்சுழல் அடங்க ரெண்டு நிமிஷம், அதுக்குள்ள இன்னொண்ணு இறங்க வருது நில்லுன்னாங்க. மேல ஏறினா டவர்ல இருக்கற கண்ட்ரோலர் "எக்ஸ்டெண்ட் டவுன்விண்ட், பேஸ் எப்போன்னு நான் சொல்றேன்"ங்கறார், அதாவது ரன்வேக்கு இணையா போயிட்டே இரு, இறங்கறதுக்கு எப்போ திரும்பணும்னு அவர் சொல்வாராம். நானும் போறேன் போறேன் போயிட்டே இருக்கேன், திரும்பிப் பாத்தா ரன்வே தீக்குச்சி மாதிரி தெரியுது. என்ஜின் ஓடினா மீட்டர் ஓடும், அதுக்கு என்ன தெரியும்.

ஜூன் 4
டிராபிக் ஜாஸ்தியாம், சர்க்யூட் (ரன்வேயைச் சுத்தி வந்து இறங்கற பயிற்சி) கிடையாது. ரூம்ல உக்காந்து சுவரைப் பாத்து, டவர் சொல்றதைத் திருப்பிச் சொல்ற ரீட்பேக்கை சொல்லிப் பாத்தேன்.

ஜூன் 5
ரன்வேக்கு முன்னாடி நிக்கற ஹோல்டிங் பாயிண்ட்ல "ரெடி ஃபார் டேக்ஆஃப்"னு சொல்லிட்டேன், சொல்லிக்குடுக்கற சார் முழங்கையால ஒரு இடி. டிபார்ச்சர்னுதான் சொல்லணும். 1977ல டெனரீஃப்ல ரெண்டு 747 ரன்வேயிலயே மோதி 583 பேர் போனாங்களே, அதுக்கப்புறம் டேக்ஆஃப்ங்கற வார்த்தைய கிளியரன்ஸ் (அனுமதி) குடுக்கறப்பவும் ரத்து பண்றப்பவும் மட்டும்தான் வெளியில எடுக்கறாங்க. ராத்திரி அதைப் படிச்சிட்டு எதுக்குடா படிச்சோம்னு ஆயிடுச்சு.

ஜூன் 10
சின்ன ஏர்ஃபீல்டுக்கு வந்து சேந்தாச்சு. ரன்வே 800 மீட்டர். டவர் இல்ல. காத்து எந்தப் பக்கம்னு காட்டற துணிக்குழாய், விண்ட்சாக், ஒரு ஓரமா கிழிஞ்சிருக்கு.

ஜூன் 11
ரேடியோல யாருமே இல்ல!! "டவுன்விண்ட்"னேன், பதில் இல்ல. "பேஸ்"னேன், இல்ல. ரன்வேக்கு நேரா இறங்கற ஃபைனல் வந்தும் கை தானா பிரஸ்-டு-டாக் பட்டன் மேல இருக்கு, "கிளியர்ட் டு லேண்ட்"னு யாராவது சொல்லுவாங்கன்னு காத்துட்டிருக்கேன், சார் மெதுவா "யாருக்கு வெயிட் பண்ற?"ங்கறார். எந்த ரன்வேன்னு கூட நானாத்தான் முடிவு பண்ணணும். மேலயே ஒரு சுத்து சுத்தி விண்ட்சாக்கைப் பாத்தா, வாய்ப்பக்கமா வால்பக்கமா, காத்து எங்க இருந்து வருதுன்னு ஒரு நிமிஷம் மூளையே நின்னுடுச்சு. இத்தனை நாளா 'காத்து இத்தனை டிகிரி, இத்தனை நாட் வேகம்'னு காதுல ஊத்துவாங்க, அதை அப்படியே திருப்பிச் சொல்லுவேன். ஒரு நாள் கூட கண்ணால பாத்ததில்ல போல.
ஆனா 1.2 மணி நேரத்துல ஒம்பது லேண்டிங். ஒம்பது!

ஜூன் 13
ஒம்பதும் கண்றாவி. அங்க ரன்வே 45 மீட்டர் அகலம், இங்க 18. குறுகலா தெரியறதால நாம ரொம்ப உயரத்துல இருக்கோம்னு கண்ணு பொய் சொல்லுது, பவரைக் குறைச்சா நிஜத்துல ஏற்கனவே தாழத்தான் இருக்கோம். மரத்து உச்சியில இலை இலையா தெரிஞ்சப்போ சார் த்ராட்டிலை தள்ளினார். அங்க ரன்வே ஓரம் நாலு லைட் இருக்கும், ரெண்டு வெள்ளை ரெண்டு சிவப்புன்னா சரி, நாலும் சிவப்புன்னா ரொம்ப கீழ. இங்க லைட்டாவது ஒண்ணாவது.

ஜூன் 14
கொஞ்சம் பரவால்ல. கழுத்து வலி, இப்படி திரும்பித் திரும்பிப் பாத்ததே இல்ல.

ஜூன் 16
எழுதவே கை வரல. பேஸ்ல இருந்து ஃபைனல் திரும்பப் போறேன், எல்லாம் சரியா சொல்லிட்டுதான் திரும்பறேன், வலதுபக்கம் பாக்கல. ரேடியோவே இல்லாத ஒரு பழைய விமானம் தூரத்துல இருந்து நேரா ஃபைனல்ல வந்துட்டிருந்திருக்கு. சார் கண்ட்ரோலைப் பிடுங்கி மேல இழுத்துட்டார். எங்களுக்குக் கீழ அது போறப்போ அதை ஓட்டின ஆளோட தொப்பி நீலம்னு தெரிஞ்சுது, அவ்ளோ பக்கம். இறங்கினப்புறம் அவர் வந்து ஸாரி சொல்லிட்டுப் போறார், சார் என்னைப் பாத்து "நீ சொன்னதைக் கேக்க அவர்கிட்ட ரேடியோ இல்ல, அவரைப் பாக்க உன்கிட்ட கண்ணு இருந்துச்சு"ன்னார். அவ்ளோதான் சொன்னார். திட்டியிருந்தா கூட பரவால்ல.

ஜூன் 17
தூங்கல.

ஜூன் 19
இங்க ஒரு அண்ணா இருக்கார், லேண்டிங்னா பூ மாதிரி வைப்பார், ஆனா டவர்கிட்ட ஒரு தடவை கூட பேசினதில்ல. நாளைக்கு முதல் தடவையா பெரிய ஏர்போர்ட்டுக்குப் போறார், முழங்கால் மேல கட்டிக்கற நோட்டுல சொல்ல வேண்டியது எல்லாத்தையும் வரி வரியா எழுதி வச்சிருக்கார். சாயங்காலம் நான் டவர், அவர் விமானம். "ஹோல்ட் ஷார்ட்"ங்கறதை (ரன்வேக்கு முன்னாடியே நில்லு) திருப்பிச் சொல்லாம ரோஜர்ன்னார், விடல நான், திருப்பி சொல்ல வச்சேன். அவர் நடுங்கறதைப் பாத்தா சிரிப்பு வந்துச்சு, அப்புறம் நீலத் தொப்பி ஞாபகம் வந்துச்சு, சிரிக்கல. அமெரிக்காவுல பிரைவேட் லைசென்ஸ் வேணும்னா டவர் இருக்கற இடத்துல தனியா மூணு டேக்ஆஃப், மூணு லேண்டிங் பண்ணணும்னு விதி. நியாயம்தான். டவர் இல்லாத இடத்துலயும் மூணுன்னு சேத்து போட்டிருக்கலாம், என்னை மாதிரி ஆளுங்களுக்கு.

ஜூன் 20
அண்ணா திரும்பி வந்துட்டார். மீட்டர் பூரா டாக்ஸிலயே போச்சாம்.

ஜூன் 23
பக்கவாட்டுக் காத்து. நாள் பூரா விண்ட்சாக்கையே பாத்துட்டு உக்காந்திருந்தேன். கிழிஞ்ச எடம் படபடன்னு அடிக்குது.

ஜூன் 24
அதே காத்து.

ஜூன் 25
காலைல ஆறு மணி. விண்ட்சாக் செத்த மாதிரி தொங்குது. "மூணு சர்க்யூட் என்கூட, அப்புறம் பாக்கலாம்"னார் சார். அப்புறம்னா என்னன்னு கேக்கல. ஹெட்செட்டை எங்க வச்சேன்