கேட்க ஆளில்லாத சுவிட்ச்: பாசிக்குடா வேலைக் குறிப்பு

ஜூன் 17, செவ்வாய்

விடியவே மட்டக்களப்பிலிருந்து வாழைச்சேனை வரை பஸ், அங்கிருந்து ஆட்டோ. கச்சான் காற்று முகத்தைச் சுட்டது. கடற்கரை ஹோட்டல் ஒன்று, நாற்பது அறை, எல்லா அறையின் நெட்வொர்க் வயரும் 48 போர்ட் (வயர் செருகும் துளை) உள்ள நெட்வொர்க் சுவிட்ச் ஒன்றில்தான் வந்து சேருகிறது, டிவி சேனல்களும் அதன் வழியேதான். டிவியில் படம் சதுரம் சதுரமாக உடைகிறது, வைஃபை இழுக்கவே இல்லை.

லப்டொப்பை வெறும் போர்ட்டில் செருகி வயரில் வரும் தரவைக் காட்டும் வயர்ஷார்க் மென்பொருளைத் திறந்தால், நான் எதையும் கேட்காமலே 22 சேனலும் வந்து கொட்டுகிறது. சேனலுக்கு 4 எம்பிபிஎஸ் வீதம் 88. டிவி பெட்டியின் போர்ட்டே 100தான். எந்தச் சேனல் யாருக்கு வேண்டும் என்று தெரியாத சுவிட்ச் எல்லாவற்றையும் எல்லாருக்கும் அள்ளி வீசும். வைஃபைதான் பாவம், அக்சஸ் பொயின்ட் (வைஃபை பரப்பும் பெட்டி) மல்டிகாஸ்ட்டை, அதாவது இப்படி ஒரே நேரத்தில் பலருக்குப் போகும் தரவை, வழக்கமாக மிகக் குறைந்த வேகத்தில் காற்றில் விடும், அதற்குள் 88ஐ எப்படி அடைப்பது?

ஜூன் 18, புதன்

எந்தப் போர்ட் எந்தச் சேனலைக் கேட்கிறது என்று சுவிட்ச் ஒட்டுக்கேட்டு அங்கே மட்டும் அனுப்பும் ஐஜிஎம்பி ஸ்னூப்பிங்கைப் போட்டு, டிவி பெட்டிகளை எல்லாம் ஒருமுறை அணைத்து எழுப்பினோம். லப்டொப் போர்ட்டில் சத்தமில்லை, படம் கண்ணாடி மாதிரி. தேத்தண்ணி குடிக்கப் போனேன். பாதிக் கோப்பை முடியவில்லை, மனேஜர் அண்ணன் ஓடி வந்தார். "தம்பி, எல்லா டிவியும் கறுப்பாப் போச்சு!"

சேனலை மாற்றினால் படம் வருகிறது, கொஞ்ச நேரத்தில் போகிறது. நேரம் பிடித்தேன், 4 நிமிடம் 20 விநாடி. அதாவது 260 விநாடி. அப்போதுதான் விளங்கியது, கேள்வி கேட்கும் குவெரியர் இல்லை! 125 விநாடிக்கு ஒருமுறை "யாருக்கு எது வேண்டும்" என்று யாராவது கேட்க வேண்டும், பெட்டிகள் பதில் சொல்ல வேண்டும். இரண்டு கேள்விக்காலமும் பதிலுக்கான 10 விநாடியும் கடந்து பதிலே வராவிட்டால் சுவிட்ச் அந்தப் போர்ட்டைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடும். கேள்வியே இல்லாத இடத்தில் பதில் எங்கிருந்து வரும்? ராத்திரிக்கு ஸ்னூப்பிங்கை நிறுத்திவிட்டு வந்தேன், மனசே ஆறவில்லை.

ஜூன் 19, வியாழன்

டிவிக்கென்று பிரித்த விலேனில் (நெட்வொர்க்குக்குள் ஒரு தனிப் பிரிவு) சுவிட்சுக்கு ஒரு ஐபி முகவரி கொடுத்து அதையே குவெரியர் ஆக்கினேன். ஒரு மணித்தியாலம் பார்த்துக்கொண்டே இருந்தேன், ஒரு டிவியும் போகவில்லை.

ஆனால் மூன்று சேனல் மட்டும் இன்னும் எல்லாப் போர்ட்டுக்கும் கொட்டியது. பிறகு சேர்த்த சேனல்களாம், முகவரி 239.0.0.1 முதல் 3 வரை. மல்டிகாஸ்ட் ஐபியின் கடைசி 23 பிட்தான் மேக் முகவரிக்குள் (ஐபிக்குக் கீழே உள்ள வன்பொருள் மட்ட முகவரி) போகும், அதனால் 239.0.0.1உம் 224.0.0.1உம் ஒரே மேக். நெட்வொர்க்கின் சொந்த வேலைக்கான 224.0.0 வரிசையைச் சுவிட்சுகள் வடிகட்டாது, மேக்கைப் பார்த்து அனுப்பும் சுவிட்சில் இந்த மூன்றும் அதோடு சேர்ந்து தப்பிவிடும். முகவரி திட்டம் போடுகிறவர்கள் தயவுசெய்து இதைக் கவனியுங்கள். 239.10.1 வரிசைக்கு மாற்றினேன், அடங்கியது. சேனல் சட்டென்று மாறட்டும் என்று டிவி ஒரு சேனலை விட்டு விலகியதுமே அதை நிறுத்தும் ஃபாஸ்ட் லீவும் போட்டுவிட்டு வந்தேன்.

ஜூன் 21, சனி

அந்த ஃபாஸ்ட் லீவ்தான் பிழை. குடும்ப அறை ஒன்றில் சின்னச் சுவிட்ச் வைத்து இரண்டு டிவி. இரண்டிலும் ஒரே சேனல் ஓடும்போது ஒருவர் மாற்றினால் மற்றதும் கறுக்கிறது, ஏனென்றால் விலகல் வந்ததுமே சுவிட்ச் ஒன்றும் விசாரிக்காமல் முழுப் போர்ட்டையும் வெட்டிவிடுகிறது. அந்தப் போர்ட்டில் மட்டும் எடுத்துவிட்டேன். இனி "வேறு யாரும் பார்க்கிறீர்களா" என்று ஒரு விநாடி இடைவெளியில் இரண்டு தடவை கேட்டபிறகே வெட்டும். பின்னேரம் மனேஜர் அண்ணன் அழைத்தார், இரண்டு டிவியும் ஓடுதாம்.