ஜெரோமின் அறையில் வெளிச்சம்: டியூரரின் கோடுகளை நகலெடுத்த அனுபவம்

ஜெர்மானிய ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர் 1514இல் செப்புத் தகட்டில் செதுக்கிய, தன் அறையில் அமர்ந்து எழுதும் புனித ஜெரோமைப் (விவிலியத்தை லத்தீனில் மொழிபெயர்த்தவர்) பகுதி பகுதியாக நகலெடுத்து வருகிறேன். செதுக்கிய கோடுகளில் மை நிரப்பித் தாளில் எடுத்த அச்சின் அளவு சுமார் 25 x 19 செ.மீ. தான். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத் தளத்தில் கிடைக்கும் படத்தைத் திரையில் பெரிதாக்கி வைத்துக்கொண்டு, மையில் தொட்டு எழுதும் பேனாவால் வரைகிறேன்.

கூரைப் பலகைகளில் தொடங்கினேன். மரத்தின் ரேகை ஓடும் திசையிலேயே கோடும் ஓடுகிறது. அதே கருமை, அறையின் முன்பக்கம் படுத்திருக்கும் சிங்கத்தின் உடலில் குட்டையான வளைகோடுகளாக மாறி, விலாவின் திரட்சியைக் காட்டுகிறது. நிழலுக்காக இட்ட கோடே பொருளின் உருவத்தையும் சொல்லிவிடுகிறது!

உளி தகட்டில் மேலோட்டமாக இறங்கி, ஆழமாகி, மறுபடி மேலேறும். அதனால் கோடு மெல்லியதாகத் தொடங்கி, தடித்து, மெலிந்து முடியும். பேனாவை அழுத்தித் தளர்த்தினால் ஓரளவு அது வருகிறது. வளைவு வேண்டுமென்றால் செதுக்குபவர் தகட்டைத்தான் திருப்புவார். நானும் தாளைத் திருப்பி வரைந்தேன். சிங்கத்தின் முதுகு ஒரே ஓட்டத்தில் அமைந்தது. பொற்கொல்லரின் மகனான டியூரருக்கு இது பட்டறையிலேயே பழகிய கைவேலை.

என்னை அதிக நேரம் நிறுத்திவைத்த இடம் ஜன்னல். வட்டவட்டமான கண்ணாடிகள் வழியே வரும் வெயில் பக்கத்துச் சுவரின் தடிமனில் விழுகிறது. கண்ணாடிகளின் நிழலும் கூடவே விழுகிறது. அங்கே கோடுகள் மிக நெருக்கம், ஆனால் மிக மெல்லியவை. கொஞ்சம் அழுத்தினாலும் வெயில் செத்துவிடும். ஜெரோமின் தலையைச் சுற்றிய ஒளியிலோ கிட்டத்தட்ட வெற்றுத் தாள்தான். அறை முழுவதும் அத்தனை கோடுகளை இழைத்தவர், உளி படாத செம்பை அந்தப் புனிதருக்கு விட்டுவைத்திருக்கிறார். இந்தப் படத்தின் பக்தி எனக்கு அங்கேதான் தெரிகிறது.

மேசைக்கு அடியிலுள்ள நடுத்தரச் சாம்பல் நிறம் இன்னும் பிடிபடவில்லை. குறுக்குக் கோடுகளின் கோணத்தை மாற்றி மாற்றிப் பார்க்கிறேன்.

அடுத்து, டியூரருக்கு முந்தைய தலைமுறைச் செதுக்குக் கலைஞரான மார்ட்டின் ஷோன்கவரின் புனித வனத்து அந்தோணியார். ஷோன்கவரும் பொற்கொல்லர் வீட்டுப் பிள்ளைதான். இளம் டியூரர் 1492இல் அவரைத் தேடி அவருடைய ஊரான கோல்மாருக்குப் போனபோது அவர் இறந்துவிட்டிருந்தார். அந்தரத்தில் அந்தோணியாரைப் பிய்த்து இழுக்கும் பேய்களின் செதிள், முள், ரோமம் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கோடு உண்டு. செதிளில் தொடங்கலாம் என்றிருக்கிறேன்.