மெடிகேர் மருந்துத் திட்டம்: இலவச ஆலோசகரிடம் போகும்போது கையில் இருக்க வேண்டியவை

அமெரிக்காவில் மெடிகேர், அதாவது 65 வயதானவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்குமான அரசு மருத்துவக் காப்பீடு, வாங்கும் அப்பா அம்மாவுக்கு மருந்துத் திட்டம், அதாவது பார்ட் டி, பார்த்துக் கொடுக்க ஏஜென்ட் தேவையில்லை. ஒவ்வொரு மாநிலத்திலும் ஷிப் என்ற இலவச ஆலோசனை இருக்கிறது. 1990-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மத்திய அரசு தரும் மானியத்தில் நடப்பது. யாருக்கும் கமிஷன் கிடையாது, அதனால்தான் தைரியமாகப் போகச் சொல்கிறோம். பெயர் மாநிலத்துக்கு மாநிலம் மாறும்: கலிபோர்னியாவில் ஹைகேப், புளோரிடாவில் ஷைன், வாஷிங்டனில் ஷிபா. 65 வயதாகாமல், ஊனத்துக்கான சோஷியல் செக்யூரிட்டித் தொகை 24 மாதம் வாங்கி மெடிகேருக்குள் வந்த மாற்றுத்திறனாளிகளும் போகலாம்.

வழக்கமாகத் திட்டம் மாற்ற அக்டோபர் 15 முதல் டிசம்பர் 7 வரைதான் நேரம். நவம்பர் கடைசியில் கூப்பிட்டால் இடம் கிடைப்பது கஷ்டம். செப்டம்பர் முடிவதற்குள் அடுத்த ஆண்டு மாற்றங்களைச் சொல்லும் கடிதம் இப்போதைய திட்டத்திலிருந்து வரும். அது வந்த கையோடு நேரம் வாங்கிவிடுங்கள். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்றும் அப்போதே சொல்லுங்கள். அதற்கும் காசு இல்லை.

சரியான திட்டம் அமைவது மருந்துப் பட்டியலைப் பொறுத்தது. ஞாபகத்தில் இருப்பதை எழுதாமல் டப்பாவைப் பார்த்து எழுதுங்கள். ‘மெட்டோப்ரோலால் 50’ என்று எழுதினால் போதாது. டார்ட்ரேட் வேறு, மெதுவாகக் கரையும் சக்சினேட் வேறு. ஆலோசகர் திட்டங்களை ஒப்பிடும் கணினியில் இரண்டும் தனித்தனி மருந்து, விலையும் மாறலாம். மாத்திரையா கேப்ஸ்யூலா என்பதும் முக்கியம். அடிக்கடி நடக்கும் தவறு இன்னொன்று: 90 நாளுக்கு வாங்கிய 180 மாத்திரையை ஒரு மாதக் கணக்கில் போட்டுவிடுவது. செலவு மூன்று மடங்காகத் தெரியும், நல்ல திட்டம் கண்ணில் படாமலே போகும்.

பிரீமியம் குறைவு என்று மயங்காதீர்கள். பிரீமியமும் மருந்துச் செலவும் சேர்த்து வரும் ஆண்டு மொத்தத்தைப் பாருங்கள், அதுவும் நீங்கள் வழக்கமாகப் போகும் மருந்துக்கடையில். 2026-இல் கைக்காசு உச்சவரம்பு, அதாவது மருந்துக்கு ஆண்டு முழுவதும் நீங்கள் கையிலிருந்து கட்ட வேண்டிய அதிகபட்சம், 2,100 டாலர். பிரீமியமும், திட்டத்தின் பட்டியலில் இல்லாத மருந்தும் அதில் சேராது. மருந்துக்குப் பக்கத்தில் முன்அனுமதி (திட்டம் முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும்) என்று இருந்தால் டாக்டர்தான் காரணம் எழுதி அனுப்ப வேண்டும். அது கிடைத்த பிறகு திட்டம் 72 மணி நேரத்தில், அவசரமென்றால் 24 மணி நேரத்தில் பதில் தர வேண்டும்.

வருமானம் குறைவென்றால், மருந்துத் திட்டச் செலவைக் குறைக்கும் அரசு உதவியான எக்ஸ்ட்ரா ஹெல்ப் விண்ணப்பத்தை அதே சந்திப்பில் போடச் சொல்லுங்கள். இப்படிப்பட்டவர்களைத் தேடிப்போய்ச் சொல்லவே 2008-ஆம் ஆண்டுச் சட்டத்தில் தனி நிதி ஒதுக்கினார்கள். சொந்த வீடும் காரும் இருக்கிறதே என்று பலர் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள், மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. குடியிருக்கும் வீடும் காரும் சொத்துக் கணக்கில் வராது. உதவி கிடைத்தால், தாமதமாகச் சேர்ந்ததற்கான அபராதமும் கிடையாது.

புதுத் திட்டத்தில் சேர்ந்ததும் பழையதை நீங்களாக ரத்து செய்யாதீர்கள். ஜனவரி 1 அன்று புதியது தொடங்கும்போது பழையது தானாகவே நின்றுவிடும்.