மணி தெரியாத ரவுட்டர்ல ஒரு சாட் சர்வர்

பரண்ல கெடந்த பழைய டிபி-லிங்க் 1043என்டி ரவுட்டர (முதல் வெர்ஷன், 8 எம்பி ஃபிளாஷ், 32 எம்பி ரேம், சிரிக்காதீங்க) எறக்கி ஓபன்டபிள்யூஆர்டி 19.07 (ரவுட்டருக்கான லினக்ஸ்) ஏத்தி அதுல ப்ராசடிங்கற சாட் சர்வர ஓட்டிட்டு இருக்கேன், வீட்டுக்குள்ள மட்டும் பேசிக்க. எதுக்கு இந்த வேண்டாத வேலைனு கேப்பீங்க. எங்க தெருவுல கரண்ட் போயிட்டு வந்தா நெட் லைன் மட்டும் உடனே வராது, சில நாள் ரெண்டு மணி நேரம்கூட ஆகும், அதுவரைக்கும் மாடில இருக்கற தம்பிய சாப்பிட கூப்பிட அம்மா கீழருந்து கத்தணும். நெட் இல்லனாலும் வைஃபை இருக்கே, அது போதும்ல.

8 எம்பில ப்ராசடியும் அது ஓட வேண்டிய லுவா மொழியும் அடங்காது, அதனால ஒரு பென்டிரைவ குத்தி எக்ஸ்ட்ரூட் பண்ணி (அதாவது ரவுட்டரோட ஃபைல் எல்லாம் பென்டிரைவ்ல இருக்கற மாதிரி மாத்தி), அதுலயே ரேம் பத்தாதப்போ உதவ கொஞ்சம் ஸ்வாப்பும் ஒதுக்கி, தேவையில்லாத மாட்யூல் எல்லாத்தையும் தூக்கினேன். ஃபோன்ல கான்வர்சேஷன்ஸ்ங்கற சாட் ஆப், சர்வரோட பேச போர்ட் 5222. சர்வருக்கு நானே போட்ட பாதுகாப்பு சர்டிபிகேட்ட பாத்துட்டு "இத நம்பலாமானு கேக்குதுடா"ன்னு அம்மா ஃபோன தூக்கிட்டு வந்தாங்க, ஓகே குடும்மான்னேன், அவ்ளோதான்.

மூணு வாரம் நல்லா போச்சு. அப்புறம் ஒருநாள் கரண்ட் கட். வந்ததும் அம்மா "சாப்பிட வா"ன்னு தம்பிக்கு அனுப்பிட்டாங்க, அவன் ஃபோன் அப்போ ஆஃப்ல இருந்துச்சு, அப்புறம் ஆன் பண்ணியும் மெசேஜே வரலைங்கறான். தேடினா, வந்திருக்கு, மூணு வாரத்துக்கு முந்தின தேதில பழைய மெசேஜுங்க நடுவுல போய் உக்காந்திருக்கு!

விஷயம் என்னன்னா இந்த ரவுட்டர்ல பேட்டரி வச்ச கடிகாரம் கிடையாது. பூட் ஆகும்போது எடிசிங்கற செட்டிங்ஸ் ஃபோல்டர்ல கடைசியா மாத்தின ஃபைல் எதுவோ அதோட நேரத்த எடுத்து வச்சுக்கும், நெட் வந்தப்புறம்தான் என்டிபி (நெட்ல மணி கேக்கற முறை) வழியா சரியான மணிய கேட்டுக்கும். நான் கடைசியா கான்ஃபிக்ல கைவச்சது மூணு வாரம் முன்ன. ஃபோன் ஆஃப்ல இருக்கறப்போ பிடிச்சு வைக்கற மெசேஜ்ல சர்வர் அந்த மணியத்தான் குத்தி வைக்குது. நெட் இல்லாத நேரத்துக்குன்னே கட்டின சர்வருக்கு நெட் இல்லனா தேதி தெரியல.

ரேம் பத்தாதுன்னு பயந்துட்டே இருந்தேன், இது இப்படி வந்துச்சு. இப்போ க்ரான்ல (குறிச்ச நேரத்துக்கு தானா வேலை செய்ற வசதி) மணிக்கு ஒருதடவ எடிசிக்குள்ள ஒரு காலி ஃபைல டச் பண்ண, அதாவது அதோட நேரத்த புதுசாக்க, விட்டிருக்கேன், பென்டிரைவ்லதான் எழுதுது அதனால அடிக்கடி எழுதி ரவுட்டரோட ஃபிளாஷ் தேயும்ங்கற கவலை இல்ல. போன வாரம் மறுபடி கட் ஆச்சு, கடிகாரம் ஒன்றரை மணி நேரம் பின்னாடி இருந்துச்சு, மெசேஜ் கீழயே வந்து நின்னுச்சு, தம்பியும் எறங்கி வந்தான்.